நிலவறை ஜலம் மேலேறும் விதம்

தண்ணீர் தாழ்ந்த இடத்தை நாடிச் செல்லும் என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. உலகத்தில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் இந்த ஒரு குணத்தை நம்பியே தங்கள் கழிநீரை வெளியேற்றி வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 4,500 வருஷங்களுக்கு முன்னால் சிந்து நதி தீரத்தில் மொஹஞ்சதாரோ நகரத்தை நிர்மாணித்தவர்கள், குளிக்கும் அறையின் தளத்தைச் சாய்வாகப் போட்டு, செங்கல் சாக்கடை வழியே அந்த ஜலத்தைத் தெருவுக்கு விட்டார்கள். நம் ஊர் வீடுகளில் கிணற்றடியில் துணி துவைத்த நீரும், அங்கணத்தில் பாத்திரம் கழுவிய நீரும் சலதாரை வழியாகக் கொல்லைப்புறத்து வாழையின் வேருக்குப் போய்ச் சேர்ந்ததும் இதே நியாயத்தினால்தான். கொத்தனார் நூல் பிடித்து வாட்டம் பார்த்துத் தளம் போட்டுவிட்டால் போதும். மற்றதைப் பூமாதேவி பார்த்துக்கொள்வாள்.

ஆனால், துணி துவைக்கும் இடமே வெளியே போகும் கழிநீர்க் குழாயை விடத் தாழ்வாக அமைந்துவிட்டால்? அப்பொழுது பூமாதேவியின் ஒத்தாசை நின்றுபோகிறது. கனடாவிலும், அமெரிக்காவின் வட மாகாணங்களிலும் எத்தனையோ வீடுகளின் நிலை இதுதான். நிலத்துக்குள் தோண்டிய அறையில் சலவைத் தொட்டியும் சலவை யந்திரமும் இருக்கின்றன. கழிநீர்க் குழாயோ மார்பளவு உயரத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. பகீரதன் ஆகாச கங்கையைப் பூமிக்கு இறக்குவதற்குத் தவம் செய்தான். இந்த வீட்டுக்காரனுக்கு வாய்த்திருப்பது நேர் எதிரான தவம்; பாதாளத்தில் தேங்கும் சவுக்கார ஜலத்தை அவன் மேலே ஏற்றியாக வேண்டும். அவனுக்காக அந்தத் தவத்தைச் செய்யும் சிறு பம்பைப் பற்றியும், அதைப் பொருத்தும் முறையைப் பற்றியுமே இங்கு எழுதப் புகுந்தேன். சாக்கடையைப் பற்றிய கட்டுரையா என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு சமூகம் தன் கழிநீரை யார் கையால் அகற்றுகிறது என்பதைக் கொண்டே அதன் நாகரிகத்தை அளந்துவிடலாம்.

பூமிக்குள் ஏன் போனார்கள்?

நம்மவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், இவர்கள் ஏன் பூமியைத் தோண்டி வீடு கட்டுகிறார்கள் என்பது. அதற்குக் காரணம் பனி. தண்ணீர் உறையும்போது பருமனில் சுமார் பத்தில் ஒரு பங்கு பெருகுகிறது. குளிர் காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பெருகும்போது, அதன்மேல் நிற்கும் சுவரையே தூக்கிவிடும். வசந்த காலத்தில் உருகும்போது கீழே இறக்கிவிடும். ஆண்டுதோறும் இவ்வாறு ஏறி இறங்கினால் எந்தச் சுவர்தான் வெடிக்காமல் இருக்கும்? ஆகையால், உறைபனி எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் இருக்க வேண்டும். டொராண்டோ நகரத்தில் இந்த ஆழம் சுமார் 4 அடி. இவ்வளவு தோண்டிய பிறகு, இன்னும் நாலைந்து அடி தோண்டினால் வீட்டின் அடியில் முழு அறை ஒன்றே கிடைத்துவிடுகிறது. அதுதான் பேஸ்மெண்ட் என்னும் நிலவறை.

முற்காலத்தில் நிலக்கரியும் வீட்டைச் சூடாக்கும் உலையும் அங்கே இருந்தன. உலையின் கதகதப்பினால் துணி உலரும் என்று சலவையையும் அங்கேயே கொண்டுபோனார்கள். வெளியே முழங்காலளவு பனி கொட்டிக் கிடக்கும்போது நம் ஊரைப் போலத் துவைகல்லில் அடித்துக் கொடியில் உலர்த்த முடியுமா? சிமெண்டினால் வார்த்த இரட்டைத் தொட்டிகளைப் பழைய நிலவறைகளில் இன்றும் காணலாம்.

இந்த விவகாரம் தமிழர்களுக்கும் தூரத்துச் சமாசாரம் அன்று. 1983-ஆம் வருஷத்து இனக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் ஆயிரக் கணக்கில் கனடாவுக்குச் சென்றார்கள். டொராண்டோவிலும், அதைச் சேர்ந்த ஸ்கார்பரோவிலும் குடியேறிய பல குடும்பங்களுக்கு முதல் இருப்பிடமாக வாய்த்தது நிலவறைதான். வாடகை குறைவு, வீட்டுக்காரர் மேலே, குடியிருப்பவர் கீழே. பின்னர் உழைத்துச் சொந்த வீடு வாங்கி மேலே ஏறியவர்கள் பலர். அவர்கள் விட்ட நிலவறையில் அடுத்து வந்தவர்கள் குடியேறினார்கள். எனவே, நிலவறைக் கழிநீர் ஒழுங்காக வெளியேறுகிறதா இல்லையா என்பது அங்கே வெறும் குழாய்க் கணக்கு அன்று. குழாய் பழுதானால் முதலில் நனைவது கீழே குடியிருக்கும் ஏழையின் பாயும் பெட்டியும். அவன் குழந்தையின் பள்ளிப் புஸ்தகமும்தான்.

எங்கே பம்பு வேண்டும்?

எல்லா நிலவறைகளுக்கும் பம்பு தேவைப்படுவதில்லை. தெருச் சாக்கடை போதிய ஆழத்தில் இருந்தால், வீட்டுக் குழாய் நிலவறைத் தளத்துக்கு அடியிலேயே சென்று அதில் சேரும். அப்பொழுது வாட்டமே போதுமானது. அடிக்குக் கால் அங்குலம் வீதம் சாய்வு இருந்தால் ஜலம் தானே ஓடிவிடும். தெருச் சாக்கடை மேலாக இருக்கும் இடங்களிலும், கிராமப்புறங்களில் தோட்டத்து மலத்தொட்டிக்குக் குழாய் போகும் இடங்களிலும்தான் தொல்லை. அங்கே மேல்மாடிகளின் கழிநீர் மட்டும் இயல்பாக இறங்கிப் போய்விடும். நிலவறையின் நீர் திகைத்து நிற்கும்.

சலவை யந்திரத்துக்குள்ளேயே ஒரு பம்பு உண்டு. பெரும்பாலான யந்திரங்கள் சுமார் 8 அடி உயரம் வரையில் அழுக்கு நீரைத் தாமே தூக்கிக் கொட்டும். ஆகவே, யந்திரம் மட்டும் இருந்தால் அதன் ரப்பர்க் குழாயை உயரத்தில் கொண்டுபோய் விட்டுச் சமாளித்துக் கொள்ளலாம். ஆனால் பக்கத்திலுள்ள கைத்தொட்டிக்கு அந்தச் சக்தி ஏது? கறைபட்ட துணியைக் கையால் கசக்கவும், தரை துடைத்த வாளியைக் கொட்டவும் தொட்டி இன்றியமையாதது. ஆகையால் யந்திரத்தின் நீர், தொட்டியின் நீர் இரண்டையும் ஒரே கலத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரு பம்பினால் மேலே ஏற்றுவதே சிறந்த ஏற்பாடு.

இதில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பழைய மாதிரி சலவை யந்திரம் ஒரு தடவை துவைப்பதற்குச் சுமார் 150 லிட்டர் ஜலத்தைச் செலவிடும். புதிய மாதிரிகளுக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. 150 லிட்டரை 15 லிட்டர் வாளியில் சுமந்தால் பத்து நடை. நடைக்குப் பதின்மூன்று படி என்றால் 130 படி ஏற வேண்டும், கையில் பாரத்துடன். குதிரைச் சக்தியில் மூன்றில் ஒரு பங்குள்ள சிறு பம்பு இதே வேலையை இரண்டு மூன்று நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. அதற்குச் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. யந்திரம் என்றாலே மனிதனுக்குச் சத்துரு என்று பேசுகிறவர்கள் இந்தப் படிகளை ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

முதலாவது, ஜலம் வந்து தங்கும் மூடிய தொட்டி. இதில் இரு வகை உண்டு. தளத்தை உடைத்துக் குழி தோண்டி அதில் இறக்குவது ஒன்று. இது சுமார் 18 அங்குலம் அகலமும் 30 அங்குலம் ஆழமும் இருக்கும். தளத்தின் மேலேயே, கைத்தொட்டிக்கு அடியில் வைக்கும் சிறு தொட்டி மற்றொன்று. முன்னதற்குச் செலவும் தூசியும் அதிகம். ஆனால் அதிக ஜலம் கொள்ளும். பம்பு அடிக்கடி ஓடி ஓடி நிற்க வேண்டியதில்லை. பின்னதை ஒரு நாளில் பொருத்திவிடலாம். அதற்குள் ஜலம் இயல்பாக இறங்கும்படி கைத்தொட்டியின் கால்களைச் சிறிது உயர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பம்பு. அதன் உள்ளே இதழ்கள் கொண்ட சக்கரம் ஒன்று வேகமாகச் சுழன்று ஜலத்தை விளிம்புக்கு வீசி எறிகிறது. தயிர் கடையும் மத்து மோரைப் பானையின் ஓரத்துக்குத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கிவிடும். வாங்கும்போது குதிரைச் சக்தியை மட்டும் கேட்டால் போதாது. எத்தனை அடி உயரத்துக்கு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டும். ஒரே பம்பு 5 அடி உயரத்தில் வாரி இறைப்பதும், 20 அடி உயரத்தில் திணறி நிற்பதும் உண்டு. உயரக் கணக்கில் குழாயின் ஒவ்வொரு வளைவும் சேரும். ஒவ்வொரு முழங்கைத் துண்டும் சில அடி நீளமுள்ள குழாய்க்குச் சமமான தடையை உண்டாக்கும். சலவை யந்திரம் நிமிஷத்துக்குச் சுமார் 60 லிட்டர் வேகத்தில் கொட்டக் கூடியது. பம்பு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி பொங்கி வழியும். யந்திரத்தின் குழாயைக் கைத்தொட்டியில் விட்டுவிட்டால் இந்த அவசரம் தணியும். ஒரே சமயத்தில் கொட்டும் வெள்ளத்தைக் கைத்தொட்டி தாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே அனுப்பும்.

மூன்றாவது, மிதவை. ஜலம் உயரும்போது மிதவை மேலே எழும்பி விசையைத் திருப்புகிறது, பம்பு ஓடுகிறது. ஜலம் வற்றியதும் மிதவை இறங்கி விசையை அணைக்கிறது. யாரும் கிட்ட நின்று காவல் காக்க வேண்டியதில்லை. மிதவை தொட்டியின் சுவரிலோ கம்பியிலோ இடிக்காமல் தாராளமாக ஏறி இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். சிக்கிக்கொண்ட மிதவையினால் பம்பு ஓயாமல் ஓடிக் கருகும். அல்லது ஓடாமல் நின்று நிலவறையைக் குளமாக்கும்.

நான்காவது, ஒருவழி வால்வு. பம்பு நின்றவுடன், நேர்க்குழாயில் ஏறி நிற்கும் ஜலம் முழுவதும் திரும்பவும் தொட்டியில் விழும். மிதவை மறுபடி எழும்பும். பம்பு மறுபடி ஓடும். ஸிஸிபஸ் என்ற கிரேக்க அரசன் மலை மேல் பாறையை உருட்டிய கதையாக முடியும். ஏறிய ஜலம் இறங்காதபடி தடுப்பது இந்த வால்வு. இதற்கு மேலே கையால் மூடும் மற்றொரு வால்வும், கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு ஒன்றும் இருப்பது அவசியம். அவற்றின் அருமை பழுது பார்க்கும் நாளன்று தெரியும்.

பொருத்தும் முறை

வேலை தொடங்குவதற்கு முன் நகர சபையின் அனுமதியைப் பெற வேண்டும். பிறகு வெளியே போகும் பெரிய குழாயின் உயரத்தையும், தொட்டி வைக்கும் இடத்திலிருந்து அது இருக்கும் தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு அளவுகளும் வளைவுகளின் எண்ணிக்கையுமே பம்பைத் தேர்ந்தெடுத்துத் தரும்.

தொட்டியை மட்டம் பார்த்து அமர்த்திய பின், கைத்தொட்டியின் வடிகுழாயை அதில் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு வளைகுழாய் கட்டாயம் உண்டு. பள்ளத்தில் இரண்டு முதல் நாலு அங்குலம் வரை ஜலம் எப்பொழுதும் நிற்கும்படி வளைந்த அந்தச் சிறு துண்டுதான், சாக்கடையின் நாற்றக் காற்று அறைக்குள் வராதபடி காக்கும் கதவு. சலவை யந்திரத்தின் குழாயைத் தனியே விடுவதானால், அதற்கு நின்ற குழாய் ஒன்றும் அதன் அடியில் மற்றொரு வளைகுழாயும் வேண்டும். யந்திரத்தின் குழாயை அதில் இறுக அடைத்துச் செருகக் கூடாது. காற்று புக இடம் இல்லாவிட்டால், யந்திரத்திலிருந்து ஜலம் தானே உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும்; துணி நனையாமலே சலவை முடியும்.

அடுத்தது காற்றுக் குழாய். அநுபவம் இல்லாதவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இதையே. மூடிய தொட்டிக்குள் ஜலம் நுழைந்தால், உள்ளிருக்கும் காற்று எங்காவது போக வேண்டும் அல்லவா? பம்பு ஜலத்தை இறைத்துவிட்டால், அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும் அல்லவா? பால் நிறைந்த டப்பாவில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். திக்கித் திக்கி வழியும். இரண்டாவது ஓட்டை போட்டவுடன் ஒழுங்காக ஓடும். தொட்டியின் காற்றுக் குழாய் அந்த இரண்டாவது ஓட்டை. இது வீட்டின் கூரைக்கு மேல் சென்று திறக்கும் காற்றுக் குழாயுடன் சேர வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் கடையில் விற்கும் சிறு காற்று வால்வு ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அது காற்றை உள்ளே விடுமே தவிர வெளியே விடாது. ஜலம் தொட்டிக்குள் வரும்போது உதவாது. தொட்டியின் மூடியை ரப்பர் வளையம் வைத்து இறுக மூடிவிட்டுக் காற்றுக் குழாயை விட்டுவிட்டால், முடக்கிய காற்று வளைகுழாய் வழியே குமிழியிட்டு அறைக்குள் வரும்.

பம்பிலிருந்து மேலேறும் குழாய் சாதாரணமாக ஒன்றரை அங்குலம் விட்டம். ஒருவழி வால்வுக்குக் கீழே, தொட்டிக்கு உட்புறமாக இந்தக் குழாயில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துவாரம் போடும்படி பம்பு செய்பவர்கள் பலர் சொல்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது அசட்டுத்தனமாகத் தோன்றும். நல்ல குழாயை யாராவது ஓட்டை போடுவார்களா? ஆனால், பம்பின் வயிற்றில் காற்று அடைபட்டுக்கொண்டால் சக்கரம் சுழலும், ஜலம் ஏறாது. அந்தக் காற்று வெளியேற வழி செய்வது இந்தத் துவாரந்தான். மேலே சென்ற குழாய், பெரிய குழாயின் தலைப்பக்கமாக, சாய்ந்த இணைப்பின் வழியே அதில் சேர வேண்டும். அடிப்பக்கமாகச் சேர்த்தால் பெரிய குழாயின் அழுக்கெல்லாம் இதற்குள் இறங்கித் தங்கும்.

கடைசியாக மின்சாரம். நனைந்த தரை, நனைந்த கை, மின்சாரம் ஆகிய மூன்றும் கூடும் இடம் இது. எனவே, பம்புக்கு முறையாகப் பூமித் தொடர்பு கொடுத்த இணைப்பு வேண்டும். மின் கசிவு கண்டவுடன் தானே அணைந்துவிடும் விசையும் வேண்டும். ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அந்த வேலையை அதற்குரிய மின்சாரத் தொழிலாளி செய்வதே உத்தமம். எல்லாம் முடிந்தபின் நல்ல ஜலத்தை நிரப்பி, மிதவை எழுவதையும், பம்பு ஓடி நிற்பதையும், இணைப்புகளில் கசிவு இல்லை என்பதையும் மூன்று நான்கு முறை பார்த்த பிறகே அழுக்குத் துணியை எடுக்க வேண்டும்.

பம்பின் பரம விரோதி

இந்தப் பம்புக்குக் கல்லை விடப் பெரிய எதிரி துணிப் பிசிறு. ஒவ்வொரு சலவையிலும் கம்பளியும் பருத்தியும் நுண்ணிய நூல்களை உதிர்க்கின்றன. அவை சவுக்காரத்துடன் சேர்ந்து கம்பளம் போல் முறுகி, சக்கரத்தின் இதழ்களில் சுற்றிக்கொள்ளும். ஒருவழி வால்வின் கதவை மூடவிடாமல் தடுக்கும். அமெரிக்கக் குடும்பங்களில் யந்திரக் குழாயின் நுனியில் பழைய நைலான் காலுறையைக் கட்டிவிடுவது உண்டு. காசு செலவில்லாத வடிகட்டி! அது நிறைந்தவுடன் கழற்றி எறிந்து வேறொன்று கட்டினால், பம்பின் ஆயுள் பல வருஷங்கள் நீளும். இந்த வகைப் பம்பு சலவை நீருக்கு மட்டுமே உரியது. அதில் மலக்கழிவைச் சேர்க்கலாகாது. அதற்கு வேறு பெரிய பம்பும் வேறு தொட்டியும் உண்டு. சாயக் குழம்பு, உருகிய கொழுப்பு, சிமெண்டுக் கலவை இவற்றைக் கைத்தொட்டியில் கொட்டுவதும் கூடாது.

மழை வெள்ளமும் நிலவறையும்

நிலவறையில் இன்னொரு பம்பும் இருப்பது வழக்கம். அஸ்திவாரத்தைச் சுற்றி ஊறும் மண்ணீரை ஒரு குழியில் சேர்த்து வெளியே தோட்டத்தில் விடுவது அதன் வேலை. சலவை நீரையும் அந்தக் குழியிலேயே விட்டுவிட்டால் என்ன என்று சிக்கனக்காரர்களுக்குத் தோன்றும். அது தவறு. சவுக்கார நீர் மழைநீர்க் கால்வாய் வழியே சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் போய்ச் சேரும். மண்ணீர் தோட்டத்துக்கு, கழிநீர் சாக்கடைக்கு. இரண்டையும் குழப்பலாகாது.

பெருமழையின்போது தெருச் சாக்கடை நிரம்பி, வீட்டுக்குள்ளேயே திரும்பி வருவதும் உண்டு. 2013-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி டொராண்டோ விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை சில மணி நேரத்தில் கொட்டியது. 2024 ஜூலை 16-ஆம் தேதியும் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர் பெய்தது. இரண்டு தடவையும் பற்பல நிலவறைகள் மூழ்கின. இதைத் தடுப்பதற்காக, வீட்டுக் குழாய் தெருவுக்குப் போகும் வழியில் பின்னோட்டத் தடுப்பு வால்வு ஒன்றை வைக்கிறார்கள். அதற்கு அந்த நகர சபை வீட்டுக்காரர்களுக்குப் பண உதவியும் செய்து வந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்த வால்வு மூடிக்கொண்டால் தெருவின் ஜலம் உள்ளே வராது. வீட்டு ஜலமும் வெளியே போகாது. அந்த நேரத்தில் சலவை யந்திரத்தை ஓட விட்டால், பம்பு விசுவாசத்துடன் ஜலத்தை மேலே ஏற்றும். போக வழியில்லாத ஜலம் நிலவறைத் தளத்தின் வடிகால் வழியே திரும்பி வந்து நிற்கும். தன் வீட்டுச் சலவை நீரில் தானே மூழ்கும் வினோதம் இது! ஆகையால், புயல் மழை கொட்டும்போது சலவையை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை மேலே இருப்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். மேல்வீட்டில் திறக்கும் குழாய் கீழ்வீட்டுக்காரனின் படுக்கையை நனைக்கும்.

குழாய்த் தொழிலாளியின் கௌரவம்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் குழாய்த் தொழிலாளி ஆக விரும்பும் இளைஞன் சுமார் 5 வருஷம், 9,000 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அதில் ஒரு பகுதி வகுப்பறையில். மிகுதி அநுபவசாலி ஒருவரின் கீழ். கணிதமும், ஜலத்தின் அழுத்த விதிகளும், சட்ட விதிகளும் அவன் பாடங்கள். தேர்ச்சி பெற்று வெளியே வரும்போது அவனுடைய ஊதியம் பல உத்தியோகஸ்தர்களின் ஊதியத்துக்குக் குறைந்ததாக இராது. அவன் மகன் டாக்டராகலாம். டாக்டரின் மகன் குழாய்த் தொழிலாளியாகலாம். யாரும் வியப்பதில்லை.

நம்மிடத்தில் நிலைமை அப்படியா இருக்கிறது? சாக்கடையைத் தொடும் வேலையைப் பிறப்போடு முடிச்சுப் போட்டு வைத்தது நம் சமூகம் செய்த பெரும் பாவம். 1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கே கழிப்பிடங்கள் இருந்த நிலையைக் கண்டு, துடைப்பத்தைக் கையில் எடுத்துத் தாமே சுத்தம் செய்தார். அன்று அவரைப் பார்த்து வியந்தவர்கள் பலர், பின்பற்றியவர் இல்லை. மனிதன் கையால் மலம் அள்ளுவதை 1993-லும், மறுபடி 2013-லும் பாரத தேசத்துச் சட்டங்கள் தடை செய்தன. சாக்கடைக் குழிக்குள் இறங்கி உயிர் இழந்தவர்களின் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ல் அந்தத் தொகையை 30 லக்ஷம் ரூபாயாக உயர்த்தியது. தீர்ப்பைத் திரும்பவும் எழுத வேண்டியிருந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. மூடிய குழியில் சேரும் விஷக் காற்று முதலில் மூக்கின் உணர்ச்சியைக் கொல்லும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவன் திரும்புவதில்லை.

இந்த இடத்தில் அந்தச் சிறு நிலவறைப் பம்பை மறுபடியும் நினைத்துப் பார்க்க வேண்டும். அது கெட்டுப் போனால் என்ன செய்கிறார்கள்? மின்சாரத்தை அணைக்கிறார்கள்; மேல் வால்வை மூடுகிறார்கள்; இணைப்பைக் கழற்றுகிறார்கள்; மூடியைத் திறந்து, பம்பை அதன் கைப்பிடியால் வெளியே தூக்குகிறார்கள். குழிக்குள் யாரும் இறங்குவதில்லை. இறங்கத் தேவையில்லாதபடி ஆரம்பத்திலேயே அமைத்திருக்கிறார்கள். கழற்றும் இணைப்புக்கும் மேல் வால்வுக்கும் ஆகும் செலவு சொற்பம். அந்தச் சொற்பச் செலவில் அடங்கியிருக்கிறது ஒரு பெரிய தர்மம்: பழுது வந்தால் யந்திரம் மேலே வரட்டும், மனிதன் கீழே இறங்க வேண்டாம்.

இந்தத் தர்மம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. லண்டன் நகரத்தின் கழிநீரை ஏற்றுவதற்கு 1865-ல் கிராஸ்னெஸ் என்னும் இடத்திலும், 1868-ல் ஆபி மில்ஸ் என்னும் இடத்திலும் ராக்ஷச நீராவிப் பம்புகளை நிறுவினார்கள். நம் சென்னையோ சமதரையில் அமைந்த நகரம். அங்கே வாட்டத்தை மட்டும் நம்பினால் கழிநீர் நகராது. ஆகவே இடத்துக்கு இடம் பம்பு நிலையங்கள் வைத்து, ஜலத்தைப் படிப்படியாக ஏற்றித்தான் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். ஊர் முழுவதுக்கும் பம்பு வைக்கத் தெரிந்த நமக்கு, அடைப்பு நீக்குவதற்கு யந்திரம் வைக்கத் தெரியாதா? திருவனந்தபுரத்து இளைஞர்கள் பாண்டிகூட் என்ற யந்திரத்தைச் செய்து, 2018-ல் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக அதை இறக்கிக் காட்டினார்கள். அறிவு இருக்கிறது, கைத்திறமை இருக்கிறது, இனி வேண்டுவது மனம்.

நம் நகரங்களிலும் இப்பொழுது பூமிக்குள் தளம் எழுப்பும் கட்டடங்கள் பெருகி வருகின்றன. கட்டுகிறவர்கள் வாசற்படிக்குப் பளிங்கு தேடுவதில் செலுத்தும் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக் கழிநீர்க் குழியின்மேல் செலுத்தட்டும். வாங்குகிறவர்கள் பூஜை அறை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பதோடு, கழிநீர்ப் பம்பு கெட்டால் அதை எப்படி வெளியே எடுப்பது என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். குழிக்குள் ஆளை இறக்கித்தான் எடுக்க வேண்டும் என்று பதில் வந்தால், அந்த வீட்டை வாங்க மறுக்கட்டும்.